கப்பலுக்காகக் காத்திருக்கும் கணினிகள்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் கணினிச் சூழலைப் பற்றிய கல்விப்புலப் பேச்சு பெரும்பாலும் இணைய வேகத்தில் தொடங்கி இணைய வேகத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கடலடி ஒளியிழை வடம் திறந்துவைக்கப்படும் வரை, தீவுகள் வெளியுலகோடு பேசச் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வடம் சென்னையைப் போர்ட் பிளேருடனும், அங்கிருந்து ஸ்வராஜ் தீவு, லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் ஆகிய இடங்களுடனும் இணைத்தது. ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய் செலவான திட்டம் அது. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் ஆனது. ஊரின் பெயர் மாறியது, வேகம் மாறியது. ஆனால் தீவில் வைக்கப்பட்ட ஓர் ஆய்வுக் கணினி மின்தடைக்குப் பின் தானாக எழுந்து நிற்குமா என்ற பழைய கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

கணினி துவங்கி முடித்த பிறகுதான் வலைப்பின்னல் என்ற ஒன்று அதற்கு உண்டு. துவக்கத்தின் பாதியில் நின்றுபோன கணினிக்கு ஒளியிழை வடமும் ஒன்றுதான், தேங்காய்நார்க் கயிறும் ஒன்றுதான். அதன் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க ஓர் ஆள் அங்கே போக வேண்டும். பெரிய நிக்கோபாரின் கேம்பல் பே போர்ட் பிளேரிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால். கப்பலில் போக ஒரு நாளுக்கு மேல் ஆகும். கடல் கொந்தளித்தால் கப்பலே புறப்படாது. ஹெலிகாப்டரில் இடம் கிடைப்பது நோயாளிக்கே அரிது; ஆய்வு மாணவருக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். மின்சாரத்தைப் பொறுத்தவரை நிலப்பரப்பின் மின்தொகுப்போடு தீவுகளுக்குத் தொடர்பே இல்லை. தீவுக்குத் தீவு தனித்தனி மின்னாக்கம், அதிலும் பெரும்பகுதி டீசல் எந்திரங்கள். தெற்கு அந்தமானில் என்எல்சி நிறுவனம் 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை மின்கலச் சேமிப்போடு அமைத்த பின்னரும் டீசலின் ஆட்சி முடிந்துவிடவில்லை. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை, உப்புக்காற்று, நில அதிர்வு வரைபடத்தில் மிக உயர்ந்த ஐந்தாம் மண்டலம். மின்சாரம் போவதும் வருவதும் இங்கே விபத்து அல்ல. தட்பவெப்பத்தின் ஒரு பகுதி.

ஆகவே இந்தத் தீவுகளில் வைக்கப்படும் லினக்ஸ் கணினி எதுவானாலும், கடல்மட்ட அளவியோ, பவளப்பாறைக் கண்காணிப்புக் கேமராவோ, கல்லூரி ஆய்வகத்தின் சர்வரோ, அதன் நம்பகத்தன்மை முதல் இருபது முப்பது நொடிகளில் தீர்மானிக்கப்படுகிறது. அந்த நொடிகளின் பொறுப்பை ஏற்றிருக்கும் சிறிய பொருளுக்கு இனிட்ராம்எஃப்எஸ் என்று பெயர். அதைப் பற்றி நம்முடைய ஆய்வகங்கள் கொண்டிருக்கும் அலட்சியமே இங்கே பேசத்தக்கது.

அது என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. கணினிக்கு மின்சாரம் வந்ததும் அதன் நிலைபொருள் விழித்து, கிரப் போன்ற துவக்கி நிரலை எழுப்புகிறது. துவக்கி, கெர்னலை நினைவகத்தில் கொண்டுவந்து இறக்குகிறது. கெர்னலின் அடுத்த வேலை, இயங்குதளத்தின் கோப்புகள் இருக்கும் வன்தட்டைத் திறப்பது. இங்கேதான் முரண்பாடு. வன்தட்டைத் திறக்க அதற்குரிய இயக்கி வேண்டும். அந்த இயக்கி பெரும்பாலும் வன்தட்டின் உள்ளேதான் கோப்பாக இருக்கிறது. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. எல்லா இயக்கிகளையும் கெர்னலுக்குள்ளேயே திணித்துவிடலாம் என்றால், உலகிலுள்ள அத்தனை வன்பொருளுக்குமான இயக்கிகளோடு கெர்னல் ஊதிப்பெருத்துவிடும். மேலும், வன்தட்டு மறைகுறியாக்கப்பட்டிருந்தால் கடவுச்சொல் கேட்க வேண்டும். பல வட்டுகள் சேர்ந்த தொகுதியாக இருந்தால் அவற்றைக் கோக்க வேண்டும். கோப்பு முறைமை சிதைந்திருந்தால் திறப்பதற்கு முன்பே பழுதுபார்க்க வேண்டும். இவையெல்லாம் கெர்னலின் உள்ளே வைத்துச் செய்யத்தக்க வேலைகள் அல்ல.

அதற்காகத்தான் துவக்கி நிரல், கெர்னலோடு சேர்த்து ஒரு சிறிய சுருக்கக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல் அதை விரித்து நினைவகத்திலேயே ஒரு குட்டிக் கோப்பு முறைமையாக ஆக்கி, அதிலுள்ள 'இனிட்' என்ற நிரலை முதல் செயல்முறையாக ஓட்டுகிறது. அந்த நிரல் தேவையான இயக்கிகளை ஏற்றி, உண்மையான வன்தட்டைக் கண்டுபிடித்து, சோதித்து, திறந்து, ஆட்சியை அதனிடம் ஒப்படைத்துவிட்டு மறைந்துபோகிறது.

சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் பெருங்கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் மசூலாப் படகுகள்தாம் அலையைக் கடந்து கரை சேர்க்கும். அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் வளைந்து கொடுக்கும், உடையாது. கடல் கடந்து வந்த கப்பலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் கடைசி அரை மைலைக் கடத்திய படகைப் பற்றி ஒரு வரியில் முடித்துக்கொண்டார்கள். இயங்குதளப் பாடநூல்களில் இனிட்ராம்எஃப்எஸ்ஸின் நிலையும் அதுதான். இந்தியப் பல்கலைக்கழகங்களில் பரவலாகப் பயிலப்படும் சில்பர்ஷாட்ஸ், கால்வின், காக்னே மூவரின் நூல், அதன் 2018ஆம் ஆண்டுப் பத்தாம் பதிப்பில், அதைச் சில வரிகளில் கடந்துபோகிறது. அந்தத் தற்காலிகக் கோப்பு முறைமையைத் துவக்கி நிரலே உருவாக்குவதுபோல அங்கே சொல்லப்பட்டிருப்பதும் சற்றுத் தளர்வான கூற்று. துவக்கி நிரல் கொண்டுவந்து கொடுப்பது சுருக்கக் கோப்பை மட்டுமே, விரிப்பது கெர்னல். தேர்வுக்கு இந்த வேறுபாடு தேவைப்படாது. பழுது ஏற்படும்போது தேவைப்படும்: கோப்பு பாதியில் அறுந்திருந்தால் பிழைச்செய்தி கெர்னலிடமிருந்து வரும், கிரப்பிடமிருந்து அல்ல.

இதற்கு முன்னோடி இனிட்ஆர்டி. அது ஒரு வட்டின் படிமத்தை நினைவகத்தில் வைத்து, அதை உண்மையான வட்டுப்போலப் பாவித்துத் திறப்பது. வட்டு என்றால் அதற்கு நிலையான அளவு வேண்டும், அதைப் படிக்க ஒரு கோப்பு முறைமையின் இயக்கி கெர்னலில் கட்டப்பட்டிருக்க வேண்டும், படித்ததை மறுபடி நினைவகத்தில் சேமித்து இரட்டிப்பாக இடம் பிடிக்கும். 2.6 வரிசைக் கெர்னல்கள் 2003 டிசம்பரில் வெளிவந்தபோது இந்தச் சுற்றுவழி தேவையற்றுப்போனது. வட்டுப் படிமத்துக்குப் பதிலாக, சிபிஐஓ என்ற மிகப் பழைய, மிக எளிய கோப்புக் கட்டு, விரித்தால் போதும். அந்த வரிசை முதற்கொண்டு ஒவ்வொரு கெர்னலின் உள்ளேயும், வெறுமையாகவாவது, இப்படி ஒரு கட்டு இருந்துகொண்டுதான் இருக்கிறது. இனிட்ராம்எஃப்எஸ் வேண்டாம் என்று சொல்பவர்களின் கெர்னலிலும் அது இருக்கிறது, காலிப் படகாக.

வேண்டாம் என்று சொல்பவர்கள் யார்? கல்விப்புலத்தில் இரண்டு வகையினர். முதல் வகையினர் சிக்கனவாதிகள். தங்கள் கருவிக்கு என்ன வன்பொருள் என்று தெரியும், தேவையான இயக்கிகளை மட்டும் கெர்னலில் கட்டிவிட்டால் நடுவில் ஓர் அடுக்கு எதற்கு என்பது அவர்கள் வாதம். துவக்கம் ஓரிரு நொடி விரைவாகும், பழுதாகக்கூடிய கோப்பு ஒன்று குறையும். இது அறிவற்ற வாதம் அன்று. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி வார்க்கப்படும் வைஃபை ரவுட்டருக்கு இது முற்றிலும் பொருந்தும். இரண்டாம் வகையினர் எதையும் சொல்வதில்லை; இயல்பமைப்பு எதுவோ அதை அப்படியே விட்டுவிடுபவர்கள். ராஸ்பெர்ரி பை கணினிகளின் இயங்குதளம் நெடுங்காலம் இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமலேயே துவங்கியது. 2023 அக்டோபரில் வெளியான புக்வோர்ம் பதிப்பிலிருந்துதான் அது இயல்பாகச் சேர்க்கப்பட்டது. இந்தியக் கல்லூரிகளின் களக் கருவிகளில் எத்தனை அதற்கு முந்தைய பதிப்புகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதை ஒவ்வொரு துறையும் தன் அலமாரியைத் திறந்து பார்த்து அறிந்துகொள்ளலாம்.

சிக்கனவாதம் தீவில் எங்கே உடைகிறது என்பதை ஒரு கற்பனைச் சூழலால் விளக்கலாம். கமோர்ட்டாவில் ஒரு தரவுப் பதிவுக் கணினி. அதன் மின்வழங்கி உப்பரித்துச் செத்துப்போகிறது. வன்தட்டு நலமாக இருக்கிறது. பக்கத்து அரசு அலுவலகத்தில் பழைய கணினி ஒன்று சும்மா கிடக்கிறது. வேறு நிறுவனம், வேறு சிப்செட், வேறு வட்டுக் கட்டுப்படுத்தி. 'ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும்' என்பதுபோல வன்தட்டைக் கழற்றி அதில் மாட்டுகிறார்கள். எந்த நிலப்பரப்பு நகரத்திலும் இது நல்ல யோசனை என்று யாரும் சொல்லமாட்டார்கள்; அசல் உதிரிப்பாகம் மறுநாள் கூரியரில் வந்துவிடும். கமோர்ட்டாவில் இதுதான் ஒரே யோசனை. இப்போது அந்தக் கணினி துவங்குமா இல்லையா என்பது, மாதங்களுக்கு முன் யாரோ இனிட்ராம்எஃப்எஸ்ஸை எப்படிக் கட்டினார்கள் என்பதைப் பொறுத்தது.

டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டு, சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் போன்றவற்றிலும் இதற்கென ஓர் அமைப்புக் கோப்பு உண்டு. அதில் 'மாட்யூல்ஸ்' என்ற வரியில் 'மோஸ்ட்' என்று இருந்தால், பரவலான வட்டுக் கட்டுப்படுத்திகள், கோப்பு முறைமைகள் ஆகியவற்றின் இயக்கிகளில் பெரும்பாலானவை கட்டுக்குள் சேரும். 'டெப்' என்று இருந்தால், கட்டப்படும் நேரத்தில் அந்தக் கணினிக்கு எவை தேவையோ அவை மட்டும் சேரும். முதலாவது பல பத்து மெகாபைட் அளவு. இரண்டாவது அதில் சிறு பங்கு. இயல்பமைப்பு 'மோஸ்ட்'தான். ஆனால் பூட் பகிர்வில் இடம் போதவில்லை என்ற எச்சரிக்கையைக் கண்டதும், இணையத்தில் தேடிக் கிடைத்த முதல் ஆலோசனைப்படி 'டெப்' என்று மாற்றுவது மாணவர்களிடையே வழக்கமாகிவிட்டது. ஃபெடோராவின் டிராகட் கருவி இதே கேள்வியை வேறுவிதமாகத் தீர்த்திருக்கிறது. அன்றாடத் துவக்கத்துக்கு அந்தக் கணினிக்கே அளவெடுத்துத் தைத்த கட்டு ஒன்று, அவசரத்துக்கு எல்லா இயக்கிகளும் அடங்கிய மீட்புக் கட்டு தனியாக ஒன்று. தீவுச் சூழலுக்கு இந்த இரண்டாம் ஏற்பாடே உகந்தது. பூட் பகிர்வை நிறுவும்போதே ஒரு ஜிகாபைட்டுக்குக் குறையாமல் ஒதுக்கிவிட்டால் சிக்கனம் பேச வேண்டிய தேவையே எழாது. இன்றைய வட்டு விலையில் அந்த இடத்தின் மதிப்பு போர்ட் பிளேர் துறைமுகத்தில் ஒரு தேநீருக்கும் காணாது.

அடுத்தது, பழுதுபார்க்கும் கட்டம். மின்தடையால் அறுந்த எழுத்து வேலைகளை எக்ஸ்ட்4 கோப்பு முறைமை தன் பதிவேட்டை வைத்துப் பெரும்பாலும் தானே சீர்செய்துகொள்ளும். சில வேளைகளில் சிதைவு அதைத் தாண்டிப் போய்விடும். அப்போது இனிட்ராம்எஃப்எஸ்ஸின் உள்ளிருந்து ஓடும் எஃப்எஸ்சிகே, ஐயத்துக்கிடமற்ற திருத்தங்களை மட்டும் செய்துவிட்டு, மீதியை மனிதர் ஒருவர் வந்து முடிவு செய்யட்டும் என்று பிசிபாக்ஸ் கட்டளைவரியில் நின்றுகொள்ளும். கறுப்புத் திரை, அடைப்புக்குறிக்குள் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற சொல், துடிக்கும் குறியீடு. லினக்ஸைக் கொஞ்சமாவது பயன்படுத்திய எந்த மாணவரும் அந்தத் திரையை ஒருமுறை கண்டு கலங்கியிருப்பார். கணினி அழிந்துவிட்டது என்றே நினைத்திருப்பார். உண்மையில் அழியவில்லை என்பதன் அடையாளம் அது. வன்தட்டைத் திறக்க முடியாத நிலையிலும் ஒரு சிறிய இயங்குதளம் உயிரோடு நின்று கட்டளை கேட்கிறது.

மேசைக் கணினிக்கு இந்த எச்சரிக்கையுணர்வு சரியானது. ஆளில்லாத தீவுக் கருவிக்கு அது தவறான இயல்பமைப்பு. கெர்னல் வரியில் 'எஃப்எஸ்சிகே.ரிப்பேர்' என்பதற்கு 'யெஸ்' கொடுத்தால் எல்லாத் திருத்தங்களையும் கேளாமலே செய்துவிடும். 'பேனிக்' என்பதற்கு 30 என்று கொடுத்தால், வேர்க் கோப்பு முறைமை கிடைக்காதபோது கட்டளைவரியில் காத்திராமல் முப்பது நொடியில் மறுதுவக்கம் ஆகும். தாமதமாக விழிக்கும் யுஎஸ்பி வட்டாக இருந்தால் இரண்டாம் முயற்சியில் கிடைத்துவிட வாய்ப்புண்டு. ஆனால் இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும்: கேளாமல் திருத்தும் எஃப்எஸ்சிகே, கோப்புகளின் பெயரை இழந்து துண்டுகளை 'லாஸ்ட்+ஃபவுண்ட்' கோப்புறையில் கொட்டிவிடாதா? ஓராண்டு அவதானிப்புத் தரவு அப்படிப் போனால்? போகலாம். அதனால்தான் இயங்குதளமும் தரவும் ஒரே பகிர்வில் இருக்கக் கூடாது. இயங்குதளத்தின் பகிர்வைத் தயக்கமின்றித் திருத்தலாம். அதிலுள்ள எதையும் மறுபடி நிறுவிக்கொள்ளலாம். தரவுப் பகிர்வைத் தானாகத் திருத்தவே கூடாது. எஃப்எஸ்டேப் கோப்பில் அதற்கு 'நோஃபெயில்' என்று குறித்துவிட வேண்டும். குறிக்காவிட்டால் சிஸ்டம்டி அந்தப் பகிர்வு கிடைக்கவில்லை என்று அவசரநிலைக்குள் போய்க் கடவுச்சொல் கேட்டுக் காத்திருக்கும். கடவுச்சொல்லைத் தட்டெழுத அங்கே ஆள் இல்லை. குறித்துவிட்டால் தரவுப் பகிர்வு இல்லாமலே கணினி எழும், வலைப்பின்னல் வரும், தொலைவிலிருந்து நுழைந்து நிதானமாகப் பார்க்கலாம். இதிலும் ஒரு கண்ணி உண்டு: பகிர்வு ஏறாதபோது பதிவு நிரல் அதே பாதையில் எழுதத் தொடங்கி இயங்குதளப் பகிர்வை நிரப்பிவிடும். வெற்றுக் கோப்புறையை மாற்றமுடியாததாக முன்கூட்டியே பூட்டிவைப்பதே அதற்கு மருந்து.

கடிகாரத்தையும் சொல்லியாக வேண்டும். பழைய ராஸ்பெர்ரி பைகளில் மின்கலக் கடிகாரமே கிடையாது. கடிகாரம் உள்ள கணினிகளிலும் ஈரத்தில் மின்கலம் சீக்கிரம் செத்துவிடும். அப்படிப்பட்ட கணினி பழைய தேதியோடு எழும்போது, வட்டு கடைசியாகத் திறக்கப்பட்ட நேரம் எதிர்காலத்தில் இருப்பதாக எஃப்எஸ்சிகே முறையிடும். வட்டில் ஒரு குறையும் இருக்காது, தவறு நாள்காட்டியில். இந்த முறையீட்டைப் பொருட்படுத்தாதிருக்கச் சொல்லும் அமைப்பு ஒன்று உண்டு. அதை இனிட்ராம்எஃப்எஸ்ஸின் உள்ளும் சேர்த்துக் கட்ட வேண்டும். வன்தட்டில் மட்டும் மாற்றிவிட்டு, கட்டை மறுபடி கட்டாமல் விடுவது எல்லோரும் செய்யும் பிழை.

நினைவகத்தில் ஒரு சிறு புகலிடம் இருப்பது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதற்கு மிகத் தொலைவான ஓர் உதாரணம் உண்டு. 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட் ஊர்தி, இறங்கிய மூன்று வாரத்துக்குள் பேச்சை நிறுத்திக்கொண்டது. அதன் ஃபிளாஷ் நினைவகத்தின் கோப்பு முறைமையைத் திறக்க முயல்வது, தோற்பது, மறுதுவக்கம் ஆவது, மறுபடி முயல்வது என்று சுழன்றுகொண்டிருந்தது. அதில் ஓடியது லினக்ஸ் அன்று, விஎக்ஸ்வொர்க்ஸ். ஆனால் ஃபிளாஷைத் தொடாமல் சாதாரண நினைவகத்திலேயே கோப்பு முறைமையை அமைத்து எழும் முடவழி ஒன்றை அதன் பொறியாளர்கள் முன்பே வைத்திருந்தார்கள். பூமியிலிருந்து அந்தக் கட்டளையை அனுப்பினார்கள், ஊர்தி எழுந்தது, ஃபிளாஷைத் துப்புரவாக்கினார்கள். தொண்ணூறு செவ்வாய் நாள்களுக்குத் திட்டமிடப்பட்ட ஊர்தி 2010 வரை பேசியது. கேம்பல் பே செவ்வாய் அன்று. ஆனால் பழுதுபார்ப்பவர் போய்ச் சேர முடியாத நாள்களில் அந்த இரண்டுக்கும் உள்ள தொலைவு சுருங்கிவிடுகிறது.

இப்படித் தொலைவிலிருந்து நுழையும் வழி லினக்ஸிலும் இருக்கிறது. டிராப்பேர் என்ற சிறிய எஸ்எஸ்எச் நிரலை இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சேர்த்துக் கட்டினால், வன்தட்டு திறக்கப்படாத நிலையிலேயே சென்னையிலிருந்து அந்தக் கறுப்புத் திரைக்குள் நுழைய முடியும். மறைகுறியாக்கிய வட்டுக்குக் கடவுச்சொல் கொடுக்கத்தான் பலரும் இதை நிறுவுகிறார்கள். மீட்புக்கு இது அதைவிடப் பயனுள்ளது. ஆனால் 'பேனிக்' அளவுருவையும் இதையும் சேர்த்து யோசிக்காமல் வைத்தால், உள்ளே நுழைந்து கட்டளை தட்டிக்கொண்டிருக்கும்போதே கணினி மறுதுவக்கம் ஆகிவிடும் வாய்ப்புண்டு. எது முதலில், எவ்வளவு நேரம் என்பதை மேசையில் வைத்துச் சோதித்தே தீர்மானிக்க வேண்டும். வலைப்பின்னல் முகவரி நிலையானதாக இருக்க வேண்டும். ஈதர்நெட் அட்டையின் இயக்கியும் கட்டுக்குள் இருக்க வேண்டும். இணைப்பு சிம் அட்டை வழியாகவோ, கணினியே எண்ணைச் சுழற்ற வேண்டிய வேறு ஏற்பாட்டின் வழியாகவோ வந்தால் இந்த வித்தை பலிக்காது. தனி ரவுட்டர் ஒன்று நடுவில் நிற்க வேண்டும்.

எதிர்வாதத்துக்கு அதற்குரிய இடத்தைக் கொடுக்காமல் நகர்வது நேர்மையாகாது. இனிட்ராம்எஃப்எஸ்ஸே பழுதுக்குக் காரணமாகலாம். கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் கட்டு புதிதாகக் கட்டப்படுகிறது. கட்டிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலோ, பகிர்வு நிறைந்துவிட்டாலோ, அரைகுறைக் கட்டு ஒன்று கிடைக்கும். அடுத்த துவக்கத்தில் கெர்னல் தடுமாறி விழும். துவக்கத்தின் முதல் படியில் நிற்கும் எதுவும், தான் கெட்டால் எல்லாவற்றையும் கெடுக்கும் ஆற்றல் உடையது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஒன்றால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. ஒரே ஒரு கோப்பை நீக்கினால் போதும். திருத்தம் சில நிமிட வேலை. ஆனால் அந்தச் சில நிமிடத்துக்காக ஒவ்வொரு கணினியின் முன்பும் ஓர் ஆள் போய் உட்கார வேண்டியிருந்தது. பாதுகாப்பு நோக்கிலும் ஒரு குறை சொல்லப்படுகிறது: செக்யூர் பூட் முறையில் கெர்னலின் கையொப்பம் சரிபார்க்கப்படும் அளவுக்கு, கணினியிலேயே கட்டப்படும் இனிட்ராம்எஃப்எஸ் வழக்கமாகச் சரிபார்க்கப்படுவதில்லை. கெர்னலையும் கட்டையும் ஒரே கோப்பாக்கிக் கையொப்பமிடும் புதிய முறை அதற்கு விடையாக வளர்ந்துவருகிறது.

இந்த எதிர்வாதங்கள் உண்மையானவை. ஆனால் அவை அடுக்கை நீக்கச் சொல்லவில்லை, கவனத்தோடு நடத்தச் சொல்கின்றன. புதிய கெர்னலுக்கு மாறும்போது பழைய கெர்னலையும் அதன் கட்டையும் தொடாமல் வைத்திருப்பது, புதியதை ஒருமுறை மட்டும் முயன்று பார்க்கும்படி கிரப்புக்குச் சொல்லி, அது வெற்றியாக எழுந்த பிறகே நிலையாக்குவது, தொங்கிப்போனால் தானே மறுதுவக்கும் வாட்ச்டாக் வன்பொருளை இயக்கிவைப்பது ஆகியவை எல்லா வழங்கல்களிலும் இருக்கும் வசதிகள். கிரப்பின் இயல்பமைப்புகளிலும் பொறி உண்டு: பழைய உபுண்டு பதிப்புகளில் ஒரு துவக்கம் பாதியில் அறுந்தால், அடுத்த முறை பட்டியலைக் காட்டிவிட்டு யாராவது விசையை அழுத்தும்வரை காலவரையின்றிக் காத்திருக்கும். இரண்டுமுறை மின்சாரம் போய்வந்தாலே ஆளில்லாக் கருவி ஊமையாகிவிட அது போதும். வேர்ப் பகிர்வை வட்டின் வரிசைப் பெயரால் சுட்டுவதும் இதே வகைப் பொறி. யாரோ ஒரு பென்டிரைவைச் செருகியிருந்தால் வரிசை மாறிவிடும். யுயுஐடி கொண்டு சுட்டுவதற்கு இனிட்ராம்எஃப்எஸ் அவசியம்; அது இல்லாமல் கெர்னல் தன்னந்தனியாகக் கோப்பு முறைமையின் யுயுஐடியைத் தேடிக் கண்டுபிடிக்காது. சிக்கனவாதிகள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

எஸ்டி அட்டையில் ஓடும் கருவிகளுக்கு இன்னும் ஒரு படி மேலே போகலாம். இயங்குதளப் பகிர்வைப் படிக்க மட்டும் திறந்து, எழுத்துகள் எல்லாவற்றையும் நினைவகத்தின் மேலடுக்கில் விழச்செய்வது ஓவர்லே முறை. அந்த அடுக்கைக் கோத்துத் தருவதும் இனிட்ராம்எஃப்எஸ்தான். ராஸ்பெர்ரி பையின் அமைப்புப் பட்டியலிலேயே அதற்கான தெரிவு இருக்கிறது. எழுதப்படாத அட்டை மின்தடையால் சிதைய வாய்ப்பு மிகக் குறைவு.

இதில் பணயமாக நிற்பது என்ன? இந்தியாவின் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனத்தில் தொடங்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று இந்தத் தீவுகள் கொடுத்த விலையே அதன் தோற்றுவாய். அன்று இந்திராமுனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. அத்தகைய நாளில் மின்சாரம் போகும். சிறிது நேரத்தில் வந்து, பின்னதிர்வில் மறுபடியும் போகும். ஒரு கருவியின் தரவு எந்த மணிநேரத்தில் மிகுந்த மதிப்புடையதோ, அதே மணிநேரத்தில்தான் அது இரண்டு மூன்று முறை துவங்கியாக வேண்டியிருக்கும். அமைதியான நூறு நாள்களின் தரவு எங்கும் கிடைக்கும். புரூக்ஷாபாத்தில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கடல்சார் துறையில் பயிலும் மாணவர் ஒருவரின் மூன்றாண்டு உழைப்பு, பருவமழையின் நடுவே விழும் ஒரு வாரத் துளையால் ஆய்வேட்டுக்குப் பயன்படாமல் போய்விடலாம். அந்தத் துளைக்குக் காரணம் கடல் அன்று, பவளம் அன்று. யெஸ் என்று ஒரு விசை தட்டுவதற்காகக் காத்திருந்த திரை.

நிதிநல்கை விண்ணப்பங்களில் உணரியின் துல்லியத்துக்குப் பக்கங்கள் ஒதுக்கப்படுகின்றன. துவக்கச் சோதனை என்ற தலைப்பை அவற்றில் காண்பது அரிது. கேட்கத்தக்கது சிறிய அளவே. கருவியைக் கப்பலில் ஏற்றுமுன், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே இருபதுமுறை மின்செருகியைப் பிடுங்க வேண்டும். கெர்னல் புதுப்பிப்பின் நடுவே ஒருமுறை பிடுங்க வேண்டும். வன்தட்டைக் கழற்றி முற்றிலும் வேறான ஒரு கணினியில் மாட்டி எழுகிறதா என்று பார்க்க வேண்டும். கடிகாரத்தை 2000ஆம் ஆண்டுக்குத் தள்ளிவைத்து ஒருமுறை துவக்க வேண்டும். ஒரு பிற்பகல் போதும். இயங்குதளப் பாடத்தின் செய்முறைத் தேர்விலும் இதை வைக்கலாம். அட்டவணையிடும் படிமுறைகளைக் காகிதத்தில் கணக்குப்போட்டுக் காட்டுவதைவிட, பிசிபாக்ஸ் திரையில் நிற்கும் கணினியை மீட்டெடுக்கச் சொல்வது மாணவரின் புரிதலை நேரடியாக அளக்கும்.

கடைசியாக, கருவிப் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டுவதற்கு ஒரு தாள். எல்லாத் தன்னியக்கமும் தோற்றபின் அந்தப் பெட்டியைத் திறக்கப்போவது பொறியாளராக இருக்கமாட்டார்; தீவுப் பள்ளியின் ஆசிரியராகவோ, துறைமுக எழுத்தராகவோ, வனத்துறைக் காவலராகவோ இருப்பார். அவருடைய வீட்டுமொழி தமிழாக இருக்கலாம், வங்காளமாக, தெலுங்காக, இந்தியாக, நிக்கோபாரியாகவும் இருக்கலாம். கறுப்புத் திரையில் இன்ன சொல் தெரிந்தால் இன்ன எழுத்துகளைத் தட்டி என்டரை அழுத்தவும் என்று, பெரிய எழுத்தில், இந்தியிலும் தமிழிலும் வங்காளத்திலுமாவது அச்சிட்டு, ஈரம் புகாதபடி லேமினேஷன் செய்து ஒட்டிவைக்கலாம். தட்ட வேண்டிய கட்டளை ஒரு வரிதான். அதற்கு வேண்டிய நிரல் இனிட்ராம்எஃப்எஸ்ஸின் உள்ளே இருக்கிறதா என்பதைக் கப்பல் புறப்படும் முன் பார்த்துவிட வேண்டும்.